காலையில் மட்டும் மக்கர் பண்ணும் பழைய கார்

"காலையில ஒரு தடவை மட்டும்தாங்க தொந்தரவு. புடிச்சுட்டா அப்புறம் நாள் பூரா ஒண்ணும் இல்லை."

பழைய பெட்ரோல் கார்களைப் பற்றி வரும் புகார்களில் இதுதான் கேட்பதற்குச் சாதாரணமாகவும், தீர்ப்பதற்குச் செலவாகவும் இருக்கிறது. முதலில் பேட்டரி மாற்றுவார்கள். அடுத்த வாரம் பிளக். பிறகு பெட்ரோல் பம்ப். கடைசியில் இன்ஜின் கம்ப்யூட்டரே, அதாவது ஈசிஎம்மே போச்சு என்று ஒரு தீர்ப்பு வரும். அதற்குள் வண்டியின் விலையில் பாதி செலவாகியிருக்கும்; மறுநாள் காலையில் வண்டி அதே மாதிரி இருமிக்கொண்டு நிற்கும். நல்ல வண்டி ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இதை ஏன் பழைய வேகக் கார்களை வைத்து எழுதுகிறேன் என்றால், அவற்றுக்கு இந்தத் தவறான சிகிச்சையைத் தாங்கும் சக்தி குறைவு. ஃபோர்டு ஐகான் 1.6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1999 நவம்பரில் வந்த வண்டி. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் செய்தது. 1.6 லிட்டர் ரோகேம் இன்ஜின், 92 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அந்த விலைக்கு அது பெரிய இழுவை. அதற்குப் பின்னால் நூறு குதிரைத்திறனை ஒட்டி ஹோண்டா சிட்டி 1.5 விடெக், ஃபியட் பாலியோ 1.6 எல்லாம் வந்தன. இன்றைக்கு இவற்றை வைத்திருப்பவர்கள் ஆசைக்காக வைத்திருப்பவர்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலைநகரில் கடைசி காரும் வெளியே வந்துவிட்டது. நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரம் தெரியாத பாகத்தை மாட்டினால், பழையதைத் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் "மாத்திப் பாப்போம்" என்ற முறை இந்த வண்டிகளுக்கு ஆகாது. அளந்து பார்க்கும் முறைதான் ஆகும்.

குளிரே இல்லாத ஊரில் கோல்ட் ஸ்டார்ட்

வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்தால் கோல்ட் ஸ்டார்ட் என்றாலே உறைபனி. ஆயில் கெட்டியாகும், பேட்டரியின் பலம் பாதியாகும் என்று எழுதியிருப்பார்கள். புதுச்சத்திரத்தில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நாமக்கல், ராசிபுரம், சேலம் என்று இந்தச் சமவெளி முழுக்க இதே கதைதான். அந்த அத்தியாயம் நமக்கு வேண்டியதில்லை.

ஆனால் ஓடும் இன்ஜினின் தண்ணிச் சூடு 90 டிகிரி. அதோடு ஒப்பிட்டால் 22 டிகிரியும் குளிர்தான். இங்கே கோல்ட் ஸ்டார்ட் என்றால் குளிரில் ஸ்டார்ட் பண்ணுவது இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணுவது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: அந்த எட்டு மணி நேரத்தில் வண்டிக்குள் என்ன மாறியது? பைப்பில் நின்ற பெட்ரோல் அழுத்தம் இறங்கியிருக்கலாம். இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் சொட்டியிருக்கலாம். ஆறும்போது ரப்பர் சுருங்கி வெடிப்பு திறந்திருக்கலாம். இல்லை, எதுவும் மாறாமல் ஒரு சென்சார் மட்டும் ஈசிஎம்முக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சூடானதும் ஏன் சரியாகிறது?

புகாரின் இரண்டாவது பாதிதான் முக்கியம்: "புடிச்சுட்டா அப்புறம் ஒண்ணும் இல்லை." இதைக் கேட்டதும் கோளாறு காலையில் மட்டும் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் கோளாறு நாள் பூரா இருக்கிறது. சூடான பிறகு வண்டி அதை மூடி மறைத்துக்கொள்கிறது.

பெட்ரோல் ஒரே திரவம் இல்லை. பல எண்ணெய்களின் கலவை. சில பகுதிகள் 35 டிகிரியை ஒட்டியே ஆவியாகும், சில 200 டிகிரி வரை காத்திருக்கும். எரிவது ஆவிதான், திரவம் இல்லை. ஆறிய இன்ஜினில் லேசான பகுதி மட்டும் ஆவியாகும். மீதி உட்குழாயின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே காலையில் வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் கொடுத்தால்தான் போதிய ஆவி கிடைக்கும். அம்பாசடரிலும் பத்மினியிலும் இந்த வேலையை ஓட்டுபவரே செய்தார்: சோக்கை இழுத்தார், காற்று குறைந்தது, கலவை கனத்தது. எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பது அவர் கைக்குத் தெரியும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதை ஈசிஎம் செய்கிறது. கூலன்ட் சென்சாரைப் பார்த்து, "22 டிகிரியா, இன்ஜெக்டரை இவ்வளவு நேரம் கூடுதலாகத் திற" என்று தன் அட்டவணைப்படி முடிவு செய்கிறது. வண்டி சூடான பிறகு இன்னொரு காவலாளி வேலைக்கு வருகிறது. அது சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு தப்பினால் அது சொல்லிவிடும், ஈசிஎம் திருத்திக்கொள்ளும். ஆனால் அந்தச் சென்சார் சுமார் 300 டிகிரி சூடாகும்வரை உருப்படியாக எதையும் சொல்லாது.

இப்போது புரிந்திருக்கும். ஒரு வேக்யூம் ஹோஸில் வெடிப்பு விட்டு அளக்காத காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான வண்டியில் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு, பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டிவிடுகிறது. உங்களுக்கு எதுவும் தெரியாது. காலையில் அந்தக் காவலாளி தூங்குகிறது. கோளாறு அப்பட்டமாகத் தெரிகிறது. ஆகவே சூடானதும் சரியாகும் வண்டி சரியான வண்டி இல்லை. காலை நேரம்தான் அதன் உண்மையைச் சொல்கிறது.

மூன்றில் எது என்று முதலில் பிரியுங்கள்

"ஸ்டார்ட் ஆகலை" என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. செல்ஃப் சரியாகச் சுற்றவில்லையா? நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லையா? பிடிக்கிறது, நிற்காமல் ஆஃப் ஆகிவிடுகிறதா? இதைச் சரியாகச் சொன்னாலே சந்தேகப் பட்டியல் மூன்றில் ஒன்றாகிவிடும். போனில் ஒலியோடு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. பிறகு செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள்: 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்லது, 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சந்தேகம். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது குளிர் இல்லை, சித்திரை வெயில். காலையில் தெரிவது வெயில் ஏற்கனவே செய்து முடித்த வேலை.

பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இருபது வருட வண்டியில் இது சர்வசாதாரணம். கழற்றி, தேய்த்து, இறுக்கினால் வேலை முடிந்தது.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பல பழைய வண்டிகளில் கிராங்க் சென்சார் காந்த வகை. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பலமாக அதன் சிக்னல் வரும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் சிக்னல் மெலிந்து, ஸ்பார்க்கே வராமல் போகலாம். அப்போது "சென்சார் போச்சு" என்று மாற்றிவிடுவார்கள். போனது எர்த் கேபிள்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால்

இந்த இடத்தில் நாமக்கல் லாரிப் பட்டறைகளின் அறிவு நேரடியாக உதவும். லாரி காலையில் பிடிக்கவில்லை என்றால் டீசல் மெக்கானிக் முதலில் கேட்பது, "லைன்ல ஏர் புடிச்சிருக்கா?" ராத்திரி டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கி, பைப்பில் காற்று நின்றிருக்கும். ஹேண்ட் பம்பை நாலு அமுக்கு அமுக்கினால் வண்டி பிடித்துவிடும். கோளாறு எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

பெட்ரோல் காரில் இதற்கு ஈடான சோதனை காசில்லாதது. டேங்குக்குள் இருக்கும் பம்பில் ஒருவழி வால்வு உண்டு. பெட்ரோல் திரும்ப இறங்காமல் அது பிடித்து வைக்கும். அது தேய்ந்தால் அழுத்தம் இறங்கிவிடும். சாவியை ஆனில் வைத்தால் பம்ப் சுமார் இரண்டு விநாடி ஓடி நிற்கும்; பின் சீட் பக்கம் "ங்ங்" என்று கேட்கும். செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து, சத்தம் நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று தடவை. அதன்பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கமாகப் பத்து விநாடி இழுக்கும் வண்டி உடனே பிடித்தால், ராத்திரி அழுத்தம் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது.

சாவியைப் போட்டுப் போட்டு எடுத்தும் மோசமாகவே இருக்கிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது, பிடிக்கும்போது கறுப்புப் புகை வருகிறது என்றால் கதை எதிர்ப்பக்கம். இன்ஜெக்டர் சொட்டி இன்ஜின் ஈரமாகியிருக்கிறது. அப்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பல ஈசிஎம்கள் இதைப் பார்த்து இன்ஜெக்டரை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். அப்படிப் பிடித்தால் சந்தேகம் உறுதியாகிறது. இரண்டுமே "அழுத்தம் நிற்கவில்லை" என்ற ஒரே கோளாறுதான், ஆனால் ஒன்றில் பெட்ரோல் டேங்குக்குத் திரும்புகிறது, இன்னொன்றில் இன்ஜினுக்குள் போகிறது. மருந்து வேறு வேறு.

உறுதிப்படுத்த பிரஷர் கேஜ் வைக்கலாம். இந்தத் தலைமுறை வண்டிகளில் சுமார் 3 பார் பரவலான அளவு. உங்கள் வண்டிக்குரியதைக் கையேட்டில் பாருங்கள். விடிவதற்குள் ஓரளவு குறைவது இயல்பு. ஆஃப் செய்த சில நிமிடங்களிலேயே சரசரவென்று பூஜ்யத்துக்குப் போவதுதான் கோளாறு. இந்த வேலையைத் தெரிந்தவர் கையில் விடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் தீ பிடிக்க ஒரு பொறி போதும்.

பிடித்து ஆஃப் ஆகிவிட்டால்

ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் நிற்கிறது, காலை எடுத்தால் ஆஃப் ஆகிறது என்றால் காற்றுப் பக்கம் பாருங்கள். ஆறிய இன்ஜினுக்கு ஐடிலிங் சற்று அதிகம் வேண்டும். அந்தக் கூடுதல் காற்றைத் தருவது ஐடில் வால்வு. அதில் கரி சேர்ந்து ஒட்டிக்கொண்டால் காலையில் போதிய காற்று கிடைக்காது. அதையும் திராட்டில் பாடியையும் அதற்குரிய ஸ்பிரேயால் சுத்தம் செய்வது சில நூறு ரூபாய் வேலை. மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

மிதித்தாலும் இருமுகிறது, ஐடிலிங் ஏறி இறங்குகிறது என்றால் வேக்யூம் ஹோஸ் வெடிப்பைத் தேடுங்கள். வெயிலில் வெந்த ரப்பர் வளைவுகளிலும் கிளிப்புக்கு அடியிலும்தான் முதலில் பிளக்கும். புகை விட்டுப் பார்க்கும் கருவி இருக்கும் பட்டறையில் ஐந்து நிமிடத்தில் இடம் தெரிந்துவிடும்.

சென்சார் பொய் சொல்கிறதா?

எட்டு மணி நேரம் நின்ற வண்டியில் கூலன்ட், உள்ளே வரும் காற்று, வெளிக்காற்று மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்க வேண்டும். இது இயற்கை நமக்கு இலவசமாகத் தரும் அளவுகோல். காலையில் பானெட்டைத் திறப்பதற்கு முன், உங்கள் வண்டியோடு பேசக்கூடிய ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் லைவ் டேட்டாவைப் பாருங்கள். காற்று 23, கூலன்ட் 24 என்றால் நம்பலாம். காற்று 23, கூலன்ட் 60 என்றால் ஈசிஎம் சூடான வண்டி என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கிறது. கூலன்ட் மைனஸ் 30 என்றால் ஒயர் அறுந்திருக்கலாம். பெட்ரோல் கொட்டி பிளக் நனையும். சில வண்டிகளில் ஈசிஎம் இந்த அபத்த அளவைக் கண்டுபிடித்து ஒரு தற்காலிக எண்ணைப் போட்டுக்கொள்ளும். அதனால் இன்ஜின் லைட் எரிகிறதா என்பதையும் பாருங்கள்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் சென்சாரைக் கழற்றி ஓம் பார்க்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பாஷ் வகை சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் காட்டும். ஃபோர்டின் பழைய வகை சென்சார் அதே சூட்டில் சுமார் 37,000 ஓம் காட்டும். ஒன்றின் அட்டவணையை வைத்து இன்னொன்றைச் சோதித்தால் நல்ல சென்சார் குப்பைக்குப் போகும்.

வேகக் கார்களுக்கே உரிய இரண்டு

இழுவையான இன்ஜினுக்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் பிளக் போடுவார்கள். தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி போக வேண்டும். வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்து, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு கிலோமீட்டர் போய் டீ குடித்துவிட்டு வந்தால் அந்தச் சூடு வராது. கரி சேரும், ஈரமாகும், அடுத்த வாரம் பிடிக்காது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: காய்ந்த கரி என்றால் கலவை கனம் அல்லது குறைந்த ஓட்டம், பெட்ரோல் ஈரம் என்றால் ஸ்பார்க் இல்லை அல்லது இன்ஜெக்டர் சொட்டு. ரோட்டுக்கு ஓட்டும் வண்டிக்கு ரேஸ் பிளக் வேண்டாம்.

இரண்டாவது, மாற்றி அமைத்த பாகங்கள். பழைய முதலாளி போட்ட பெரிய ஏர் ஃபில்டர், வேறு இன்ஜெக்டர், மாற்றி எழுதிய ஈசிஎம். சூடான ஓட்டத்துக்கு டியூன் செய்தவர் காலை ஸ்டார்ட்டுக்கும் டியூன் செய்தார் என்று சொல்ல முடியாது. அதற்கு அவர் பல காலைகள் செலவழித்திருக்க வேண்டும். முடிந்தால் ஒரு வாரத்துக்குப் பழைய பாகங்களை மாட்டிப் பாருங்கள்.

ஈ20 பங்கு

2023 பிப்ரவரியில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இப்போது எல்லாப் பங்குகளுக்கும் வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் 14.7 என்ற கணக்கு ஈ20-க்குச் சுமார் 13.5 ஆகிறது. 2000-ல் எழுதிய ஈசிஎம்முக்கு இது தெரியாது. சூடான பிறகு ஆக்சிஜன் சென்சார் சரிக்கட்டும். காலையில் அட்டவணைப்படி ஊற்றினால் கலவை சற்று மெலிந்தே இருக்கும். மற்றதெல்லாம் சரியாக உள்ள வண்டி நம் வெயிலில் இதைத் தாங்கிவிடும். ஏற்கனவே ஏர் லீக்கோ சென்சார் பொய்யோ இருக்கும் வண்டிக்கு இது கடைசி உதை. போன வருடம் ஓடிய வண்டி இந்த வருடம் இருமினால் பெட்ரோலை மட்டும் திட்டாமல், அது வெளியே காட்டிய பழைய கோளாறையும் தேடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஆகவே மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்பு

இந்த நோயைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம் நேரம். ஒரு நாளைக்கு ஒரு கோல்ட் ஸ்டார்ட்தான் கிடைக்கும். வீட்டில் எப்படியோ பிடித்து, பதினோரு மணிக்குப் பட்டறைக்கு ஓட்டிப் போனால் மெக்கானிக் பார்ப்பது ஆரோக்கியமான வண்டியை. "முந்தின நாள் சாயங்காலமே விட்டுட்டுப் போறேன், காலையில நீங்களே முதல்ல ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். அவருக்கும் அது உதவி.

சோதனைகள் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதையும் கவனியுங்கள். ஸ்கேனர் பார்க்கச் சாவியை ஆன் செய்தாலே பம்ப் ஓடி அழுத்தம் ஏறிவிடும். பெட்ரோல் சோதனை கெட்டுவிடும். ஆகவே முதல் காலை: பேட்டரி வோல்ட், பிறகு எதுவும் செய்யாமல் ஸ்டார்ட், எத்தனை விநாடி என்று குறிப்பு. இரண்டாம் காலை: சாவி மூன்று தடவை. மூன்றாம் காலை: ஸ்கேனரில் சூடு. நான்காம் காலை: லேசாக மிதித்து ஸ்டார்ட். நான்கு நாள், நான்கு வரி. எதையும் மாற்றவில்லை, செலவு மீட்டருக்கு மட்டும்.

இடையில் பிடிக்காவிட்டால் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள், ஆற விடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பழைய பழக்கம்தான், ஆனால் எரியாத பெட்ரோல் சைலன்சரில் இருக்கும் கன்வெர்ட்டரில் போய் எரிந்தால் அது உருகிவிடும்.

அந்த நான்கு வரிகளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் பேச்சே மாறிவிடும். "ஸ்டார்ட் ஆகலை" என்பதற்குப் பதிலாக, "பேட்டரி 12.6, சாவி மூணு தடவை போட்டா உடனே புடிக்குது, சூடு சரியா காட்டுது" என்று சொல்வீர்கள். அப்படிச் சொன்ன வண்டிக்கு யாரும் ஈசிஎம் மாற்றச் சொல்ல மாட்டார்கள். பம்பின் ஒருவழி வால்வைத்தான் பார்ப்பார்கள்.